தாயைத் தேடி லயத்துக்கு வருகிறவர்கள்

றொசல்ல, வட்டவளை, ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களுக்கு என்றாவது ஒருவர் வரக்கூடும். நிறம் நம் நிறம், பேச்சு டச்சோ பிரெஞ்சோ. கையில் பழைய பிறப்புச் சான்றிதழின் பிரதி. அதில் தாயென்று எழுதியிருக்கும் பெண்ணைத் தெரியுமா என்று கேட்பார். அவருக்கு எப்படி உதவுவது, எதைச் செய்யக்கூடாது என்பது தோட்டத்து மக்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

1970களிலும் 80களிலும் ஏறத்தாழ 11,000 குழந்தைகள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். முறைப்படி நடந்தவையும் உண்டு. ஆனால் தரகர்கள் புகுந்தார்கள், பணம் கைமாறியது, பிறப்புப் பதிவுகள் பொய்யாக எழுதப்பட்டன. பெற்றவளுக்குப் பதிலாகக் கூலிக்கு அமர்த்திய பெண் ‘தாய்’ என்று முன்வந்து பிள்ளையைக் கொடுத்த சம்பவங்களும் நடந்தன. 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி இதை வெளிக்கொண்டுவந்தது. 2020 டிசம்பரில் சுவிற்சர்லாந்து அரசு, தன் அதிகாரிகள் முறைகேடுகளைத் தடுக்கத் தவறியதற்கு வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்து 2021 பெப்ரவரியில் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தது.

அந்தப் பிள்ளைகளில் பலருக்கு இப்போது நாற்பதைத் தாண்டிய வயது. அன்பான வீட்டில் வளர்ந்தவர்களுக்கும் கேள்விகள் ஓய்வதில்லை. வைத்தியர் ‘குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை வியாதி, இதய நோய் உண்டா’ என்று கேட்டால் பதில் இல்லை. “இங்கே வந்ததற்கு நீ கொடுத்துவைத்தவள்” என்று ஊரே சொல்லும்போது, தாயைப் பற்றிக் கேட்பதே நன்றிகெட்டதனமாகத் தோன்றிவிடும். அது நன்றிகெட்டதனம் அல்ல, உரிமை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம் இயன்றவரை தன் பெற்றோரை அறியும் உரிமையைப் பிள்ளைக்குத் தருகிறது. நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புப் பற்றி 1995இலிருந்து இங்கு நடைமுறையிலுள்ள ஹேக் சமவாயமும், பிள்ளையின் பூர்வீகம் பற்றிய தகவல்களைப் பாதுகாக்கும்படி அரசுகளைக் கட்டுப்படுத்துகிறது.

மலையகத்தில் தேடுவதற்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் வேறொன்று. 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தின்படி பல குடும்பங்கள் இந்தியாவுக்குப் போய்விட்டன. றொசல்லையில் தேடும் தாய் கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருக்கலாம். ஆகவே ஒரு சான்றிதழை மட்டும் நம்பாமல் மாவட்ட நீதிமன்றத்தின் மகவேற்பு வழக்குக் கோவை, ஆஸ்பத்திரிப் பதிவு, தோட்டத்துப் பழைய செக்ரோல் பதிவேடு எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும். பெயர் பொருந்தினாலும் மரபணுப் பரிசோதனை முடியும்வரை ‘இவர்தான் அம்மா’ என்று யாரும் உறுதி சொல்லக்கூடாது. பொய்த் தாய் ஒருத்தி ஏற்கெனவே தேடி வந்தவரின் வாழ்க்கையில் இருந்திருக்கலாம்.

தாயின் நிலையையும் நினைக்க வேண்டும். புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லாமல் நாற்பது வருஷம் மறைத்து வாழ்ந்த பெண்ணின் வாசலில் கமெராவோடு போய் நிற்பது கொடுமை. நம்பிக்கையான ஒரு பெண் மூலம், தனியே, அவர் விருப்பத்தை முதலில் கேளுங்கள். பேச மறுத்தால் அதையும் மதிக்க வேண்டும். அவர் படத்தை முகநூலில் போடாதீர்கள். “கண்டுபிடித்துத் தருகிறேன்” என்று முன்பணம் கேட்கும் ஆட்களிடமிருந்து தேடி வந்தவரைக் காப்பாற்றுங்கள்.

இது பழைய கதை மட்டுமல்ல. இன்றும் வறுமையில் இருக்கும் கர்ப்பிணியிடம் “பிள்ளை நல்லா இருக்கும்” என்று சொல்லிக்கொண்டு யாரும் வரலாம். பிரசவத்துக்கு முன் வாங்கும் சம்மதத்தை ஹேக் சமவாயம் ஏற்பதில்லை. வயிற்றிலிருக்கும் பிள்ளையைத் தத்துக் கொடுக்கக் காசு கொடுத்துச் சத்தியக்கடதாசி வாங்குவதை 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத் திருத்தம் ஆட்கடத்தல் குற்றத்துக்குள் சேர்த்தது. வாசிக்கத் தெரியாத மொழியிலுள்ள எந்தக் கடதாசியிலும் கைநாட்டு வைக்காதீர்கள். பிள்ளையை வளர்க்க வழியில்லை என்றால் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் உத்தியோகத்தரிடம் போங்கள். வழக்குச் செலவுக்கு வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. தரகர் யாராவது லயத்துக்கு வந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.