இரண்டு ஊசல்களும் ஒரு கவிதையும்

ஒரு சிறு சோதனையுடன் தொடங்குவோம். வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இரண்டு நாற்காலிகளைச் சற்றுத் தள்ளிப் போட்டு, அவற்றின் முதுகுகளுக்கு இடையே ஒரு நூலைக் கட்டுங்கள். நூல் சிறிது தளர்வாகவே இருக்கட்டும். அதிலிருந்து மூன்று ஊசல்களைத் தொங்கவிடுங்கள். குண்டுகளுக்குப் பதிலாக, ஒரே அளவுள்ள மூன்று இரும்பு நட்டுகள் போதும். முதல் இரண்டு ஊசல்களின் நீளம் 25 செ.மீ. இருக்க வேண்டும். மூன்றாவதன் நீளம் 10 செ.மீ. போதும்.

இப்போது நீளமான ஊசல்களில் ஒன்றை மட்டும், கட்டிய நூலுக்குக் குறுக்காக இழுத்து விடுங்கள். சற்று நேரத்தில் அதன் ஆட்டம் குறையும். யாரும் தொடாமலே, அதே நீளமுள்ள மற்ற ஊசல் ஆடத் தொடங்கும். முதல் ஊசல் ஏறக்குறைய நின்றே போகும்போது இரண்டாவது நன்றாக வீசி ஆடும். பிறகு ஆட்டம் மீண்டும் முதல் ஊசலுக்கே திரும்பும். குட்டை ஊசலோ கொஞ்சம் நடுங்குவதோடு சரி.

காரணம் என்ன? 25 செ.மீ. ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப ஏறத்தாழ ஒரு விநாடி ஆகிறது. 10 செ.மீ. ஊசலுக்கு 0.63 விநாடிதான். நூல் வழியாக வரும் சிறு சிறு இழுப்புகள், சமநீளமுள்ள ஊசலுக்குச் சரியான தருணத்தில் வந்து சேருகின்றன. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளுவது போல, ஆற்றல் அதில் சேர்ந்துகொண்டே போகிறது. குட்டை ஊசலுக்கு அதே இழுப்புகள் தருணம் தவறி வருவதால், ஒன்று சேர்த்ததை மற்றொன்று கெடுத்துவிடுகிறது.

இதை நாம் ஒத்ததிர்வு என்று படிக்கிறோம். இலங்கையில் தமிழ்வழியில் பயிலும் மாணவர்கள் இதையே 'பரிவு' என்ற சொல்லால் படிக்கிறார்கள். பரிவு! பிறர் துன்பத்தை உணர்ந்து இரங்குவதற்கு நாம் வழங்கும் அதே சொல். இந்தச் சொல்லை முதன்முதலில் ஓர் இயற்பியல் நூலில் பார்த்தபோது எனக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. அது பெருமைப்படக்கூடிய நிகழ்ச்சி அன்று. ஆனாலும் உங்களுக்குச் சொல்கிறேன்.

சிவப்பு மையில் ஒரு திருத்தம்

1990-களில் நான் அம்பத்தூரில் பள்ளி மாணவன். பத்தாம் வகுப்பில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். அறிவியலில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குபவன் என்பதால் என்னை ஆசிரியராக்கிவிட்டார்கள். கையில் ஒரு சிவப்பு மைப் பேனா; நெஞ்சு நிறையக் கர்வம்!

பட்டரவாக்கம் ரயில் நிலையத்தின் பக்கமிருந்து வரும் ஒரு நண்பன் கவிதை கொடுத்தான். அவனுடைய தந்தைக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை. நாள் முழுவதும் தகட்டை வெட்டும் பவர் பிரஸ்ஸின் முன்னால் நிற்பவர். கவிதையின் சாரம் இதுதான்: அப்பா வீட்டுக்கு வந்த பிறகும் பிரஸ் நிற்பதில்லை, இரவெல்லாம் அது அவர் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓரத்தில் இப்படி எழுதினேன்: "ஓசை எழுப்பும் பொருள் நின்றபின் ஓசை இருக்க முடியாது. அறிவியல் பிழை. மேலும் மூன்று சந்திப் பிழைகள்." அவன் தாளை வாங்கிப் படித்தான். ஒன்றும் பேசாமல் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதன் பிறகு அவன் எங்கள் பத்திரிகைக்கு எதுவும் தரவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தந்தையிடம் உரக்கப் பேச வேண்டியிருந்தது. என் உதடுகளைப் பார்த்தே பதில் சொன்னார். நண்பன் சொன்னான்: "அப்பாவுக்கு வெளிச் சத்தம்தாண்டா கேட்கல. உள்ளே ஓடுற சத்தம் இன்னும் நிக்கல."

பிழை யாருடையது?

முதுகலை வகுப்பில் ஒலியியல் படித்தபோதுதான் என் அறியாமை எனக்கு விளங்கியது. நம் உட்செவியில் நத்தை ஓடு போல் சுருண்ட காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. அதனுள் ஓடும் சவ்வு ஓரிடத்தில் உயர்ந்த அதிர்வெண்களுக்கும், மற்றோரிடத்தில் தாழ்ந்த அதிர்வெண்களுக்கும் மிகுதியாக அதிர்கிறது. இதை ஆராய்ந்த கியோர்க் ஃபான் பெக்கேஷி 1961-ல் நோபல் பரிசு பெற்றார். அந்த அதிர்வை நரம்புக்குச் சொல்பவை நுண்ணிய மயிர்ச் செல்கள். ஒரு காதில் ஏறத்தாழ 15,000 இருக்கும். மனிதரில் இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

நாள்தோறும் எட்டு மணி நேரம், ஆண்டுக்கணக்காக, 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் செல்கள் சிறிது சிறிதாகக் கெடுகின்றன. பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டிய கேள்திறன்தான் முதலில் குறையும். ஆகவே பேச்சு காதில் விழும், ஆனால் சொற்கள் தெளிவாக இரா. அத்துடன் பலருக்கு, வெளியில் எந்த ஓசையும் இல்லாதபோதும் காதுக்குள் இரைச்சல் கேட்கும். செவியிலிருந்து வர வேண்டிய செய்தி குறைந்துபோனதால், மூளை தன் பெருக்கத்தைக் கூட்டிக்கொள்வதே இதற்கு முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள்.

அப்படியானால் என் நண்பனின் வரி கற்பனையே அன்று. தன் வீட்டில் கண்டதை அவன் அப்படியே எழுதியிருந்தான். நல்ல ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் இருக்க வேண்டிய உண்மை அது. பிழை என்னுடையது. "அப்படியா? அவருக்கு எந்த மாதிரிச் சத்தம் கேட்கிறதாம்? எப்போதிலிருந்து?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எங்கள் ஆசிரியரிடம் சொல்லியிருக்கலாம். அவர் காதடைப்பான் அணிந்திருந்தால் மிச்சமிருந்த கேள்திறனையாவது காத்திருக்கலாம். பத்தாம் வகுப்பு மாணவனால் என்ன ஆகியிருக்கும் என்று இன்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நான் கேட்கவில்லை என்பது உறுதி.

கேட்பவரின் மூளை

பிறர் கதையை உண்மையாகவே 'கேட்கும்போது' நம்முள் என்ன நடக்கிறது? அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசனும் அவருடைய சகாக்களும் இதை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். ஒரு பெண் தம் வாழ்வில் நடந்த சம்பவத்தை, காந்த ஒத்ததிர்வுப் படக் கருவிக்குள் இருந்தபடி சொன்னார். பதிவு செய்த அந்தக் கதையை மற்றவர்கள் அதே கருவிக்குள் இருந்து கேட்டார்கள்.

கேட்டவர்களின் மூளைச் செயல்பாடு சொன்னவரின் செயல்பாட்டைச் சில விநாடிகள் பின்தங்கித் தொடர்ந்தது. சில பகுதிகளில் அது முந்திக்கொண்டும் சென்றது, அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்ப்பது போல! இந்த இணைவு மிகுதியாக இருந்தவர்களே கதையை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். தெரியாத மொழியில் கதை கேட்டவர்களிடம் இணைவு காணப்படவில்லை. ஊசல்கள் ஆடுவது போலவே மூளைகள் ஆடுகின்றன என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. கருவி அளப்பது மூளையின் இரத்த ஓட்ட மாற்றத்தைத்தான். ஆனாலும், கேட்பது என்பது சும்மா இருப்பது அன்று என்று தெரிகிறதல்லவா?

நீளத்தை மாற்றிக்கொள்ளலாம்

இங்கே உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். "சம நீளமுள்ள ஊசல்தானே ஆடுகிறது? என்னைப் போன்ற வாழ்க்கை உள்ளவர் எழுதியது மட்டும்தானே எனக்குப் புரியும்?" நல்ல கேள்வி. என் தந்தை அலுவலக எழுத்தர். எங்கள் வீட்டில் இரவில் கேட்டது சுவர்க்கடிகார ஓசை ஒன்றுதான். நான் குட்டை ஊசலாக இருந்தேன்.

ஆனால் ஊசலுக்கும் மனிதனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஊசல் தன் நீளத்தைத் தானே மாற்றிக்கொள்ளாது. வானொலியை எண்ணிப் பாருங்கள். பழைய பெட்டியில் குமிழைத் திருகினால் மின்தேக்கியின் அளவு மாறுகிறது. வேண்டிய நிலையத்தின் அதிர்வெண்ணுக்குச் சுற்று இசைகிறது. நாமும் அப்படி இசைந்துகொள்ளலாம்.

இதில் பெயர் பெற்றவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். சட்டம் படித்தவர். திருநெல்வேலியில் தம் வீட்டில் நண்பர்களைக் கூட்டி 'வட்டத்தொட்டி' என்ற இலக்கியக் கூட்டத்தை நடத்தினார். 1954-ல் மறைந்த அவருடைய புகழ், பிறர் கவிதையைச் சுவைத்துப் பிறரையும் சுவைக்க வைத்ததால் வந்தது. ஒரு பாடலை உணர்ச்சியோடு மீண்டும் மீண்டும் சொல்லிக் காட்டுவார். கட்டுரை நூல் ஒன்றுக்கு அவர் வைத்த பெயரே 'இதய ஒலி'. அவர் எல்லாவற்றையும் புகழ்ந்து தள்ளியவர் என்று எண்ணிவிடாதீர்கள். கம்பராமாயணத்தில் பல பாடல்கள் கம்பர் வாக்கல்ல என்று ஒத்கிப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தவர் அவர். முதலில் கேட்டார், பிறகு மதிப்பிட்டார்.

நாமும் அந்த வரிசையைப் பின்பற்றலாம். நண்பர் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். எந்த வரி மனத்தில் நின்றது என்று அவரிடம் சொல்லுங்கள். புரியாத இடத்தில் "தவறு" என்று எழுதாமல், "இதை எங்கே பார்த்தாய்?" என்று கேளுங்கள். சந்திப் பிழைகள் எங்கும் ஓடிவிடா. அவற்றை நாளைக்கும் திருத்தலாம்.

இப்போது என் கல்லூரி மாணவர்கள் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டுடன் சில சமயம் தங்கள் கவிதைகளையும் கொண்டுவந்து தருகிறார்கள். படித்து முடிக்கும்வரை சிவப்புப் பேனாவை மேசை அறைக்குள் வைத்துவிடுகிறேன். நண்பர்களே, நாளை உங்கள் வகுப்பிலும் யாராவது தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டக்கூடும். வாங்கிப் படியுங்கள், கேளுங்கள்.