பத்தனையில் வாலாட்டும் குருவி

பெரட்டுக் கணக்கெடுப்பு முடிந்து தேயிலை மலைக்கு ஏறும் நேரம், ஊவாவின் பூனாகலைப் பக்கத்து ரோட்டோரங்களில் தவிட்டு நிறக் குருவி ஒன்று விறுவிறுவென்று ஓடும். நாலடி ஓடி நிமிர்ந்து நிற்கும். வாலை மேலும் கீழும் ஆட்டும். மறுபடி ஓடும். பார்க்கிறவர்கள் ‘ஏதோ சிட்டு’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

அதற்கு வயல் நெட்டைக்காலி என்று பெயர். பெயரில் வயல் இருந்தாலும் தேயிலைக்கு மேலே மானாப்புல் மண்டிய புல்வெளியான பத்தனையும், பிள்ளைகள் பந்தடிக்கும் மைதானமும் அதற்குப் போதும். ஹோர்ட்டன் சமவெளியின் குளிரிலும் அது வாழ்கிறது.

புல்வெளிக் குருவிகளில் பலவும் பழுப்புதான்; இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும்கூட வித்தியாசம் தெரியாது. ஆகவே நிறத்தை நம்பினால் குழப்பமே மிஞ்சும். நடையையும் வாலையும் குரலையும் கவனிப்பதே மேல். நெட்டைக்காலி சுமார் 15 சென்ரிமீற்றர் நீளம். மெலிந்த உடல், நீண்ட கால், மார்பில் மெல்லிய கீற்றுகள். எழும்பிப் பறக்கும்போது வாலின் இரு ஓரமும் வெள்ளையாகப் பளிச்சிடும்.

வானம்பாடியோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. வானம்பாடிக்கு அலகு தடிப்பு, தலையில் சிறு கொண்டை. அது வாலாட்டாது, பதுங்கி நடக்கும். பெரும்பாலும் வறண்ட தாழ்நிலத்துப் பறவை. உயரே ஏறி நின்று நெடுநேரம் பாடும். நெட்டைக்காலியோ கொஞ்ச உயரம் எழும்பி, ‘சிப் சிப் சிப்’ என்றபடி சிறகடித்து இறங்கிவிடும். பாட்டுக்கச்சேரி என்றால் வானம்பாடிதான்!

உண்மையான சிக்கல் மாரிகாலத்தில் வரும். சைபீரியா, மொங்கோலியா பக்கமிருந்து வலசை வரும் ரிச்சர்ட் நெட்டைக்காலி அச்சு அசலாக வயல் நெட்டைக்காலியைப் போலவே இருக்கும். அது சற்றுப் பெரிது, 17, 18 சென்ரிமீற்றர். குரல் ‘ஷ்ரீப்’ என்று கரகரக்கும். தூரத்தில் நிற்கும் பறவையை அது வாய் திறக்கும்வரை அடித்துச் சொல்லாமலிருப்பதே நேர்மை.

புல்லுக்குள்ளேயிருந்து ‘சிட்... சிட்...’ என்று எழுந்து, அலைபோல் ஏறியிறங்கிப் பறக்கும் இன்னும் சின்னக் குருவி வேறு. அது விசிறிவால் கதிர்க்குருவி. உயிருள்ள புல்லிதழ்களைச் சிலந்தி நூலால் கட்டி, சுருக்குப்பை மாதிரிக் கூடு அமைக்கும். ஸ்பெயினிலிருந்து அவுஸ்திரேலியாவின் வடக்குவரை இதே இனம் பரவியிருக்கிறது.

இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் 1891இல் பிறந்த ஜி. எம். ஹென்றி, கொழும்பு நூதனசாலையில் பணியாற்றியவர். தாமே படம் வரைந்து 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைக் கையேடு இப்படிப்பட்ட குருவிகளை இனங்காண இன்றும் பயன்படுகிறது.

வயல் நெட்டைக்காலி கூடு கட்டுவது தரையில், ஒரு புற்கொத்தின் அடியில். ஆள் நெருங்கினால் சிலவேளை சிறகு ஒடிந்ததுபோல் இழுத்து இழுத்துப் போகும். நம்மைத் திசைதிருப்பும் நடிப்பு அது. ஊவாவில் மழை ஓய்ந்து காற்று வீசும் மாதங்களில் பத்தனைக்கு வைக்கும் தீ இந்தக் கூடுகளை விட்டுவைக்காது. இளம்புல் தளிர்க்கட்டும் என்று நெருப்பு வைக்கிறவர்கள் அதை யோசிக்க வேண்டும். சிறகை இழுக்கும் குருவியைக் கண்டால் துரத்தாதீர்கள். கூடு காலடியிலேயே இருக்கலாம். வந்த வழியே பார்த்துத் திரும்பி விடுங்கள்.