லாரி சாரதியின் பொழுது

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்னும் ஊர்ப்பெயர்களைத் தாங்கிய லாரிகளை இந்தியாவின் எந்த நெடுஞ்சாலையிலும் காணலாம். மானாவாரி நிலத்தை மட்டும் நம்பி ஜீவிக்க இயலாத குடியானவர்கள் பலர் லாரித் தொழிலில் இறங்கி, கூண்டு கட்டும் பட்டறைகளையும், டாங்கர் வண்டிகளையும், ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளையும் பெருக்கிய பிரதேசம் அது. அங்கிருந்து புறப்படும் சாரதியை வண்டி ஓட்டுகிறவர் என்று மட்டுமே நாம் அறிந்திருக்கிறோம். ஆனால் ஓட்டுவது அவர் தொழிலில் ஒரு பாகம்தான். காத்திருப்பது மற்றொரு பெரும்பாகம்.

சேலத்து ஜவ்வரிசி, விரத நாட்களில் அதைக் கிச்சடியாக்கி உண்ணும் மகாராஷ்டிரத்துக்குப் பெருமளவில் செல்கிறது. அந்தப் பாரத்தை ஏற்றும் சாரதி, ஆலையில் தம் முறை வரும்வரை நின்று, மூட்டைகளை எண்ணிப் பார்த்து, தார்ப்பாய் போர்த்திக் கயிறு முறுக்கிக் கட்டிய பின்னரே கிளம்புகிறார். வழியில் மூட்டை நனைந்தாலும் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. ரொட்டிக்கு நாக்குப் பழகாத பலர் அடுப்பையும் அரிசியையும் வண்டியிலேயே வைத்துக்கொண்டு, நிறுத்திய இடத்தில் சமைத்து, காபினிலேயே படுத்துறங்குவார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிச் சென்றாலும், பெருநகரங்களில் பகல் வேளையில் கனரக வண்டிகளுக்குத் தடையுண்டாகையால் எல்லையில் ஒரு நிறுத்தம். சரக்கிறக்க ஆள் வரும்வரை கிடங்கு வாசலில் இன்னொரு நிறுத்தம். வெறும் வண்டியாகத் திரும்பினால் டீசலுக்கும் சுங்கத்துக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே நாசிக் வட்டாரத்து வெங்காயமோ வேறொன்றோ ரிட்டர்ன் லோடாகக் கிடைக்கும்வரை புக்கிங் ஆபீஸ் வாசலில் மூன்றாம் முறையாக நிற்கிறார். லோடு ஏறியதுதான் தாமதம், அதுவரை ஒருவருக்கும் இல்லாத அவசரம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது! வெங்காயம் அழுகும் பண்டம். பகலெல்லாம் பிறர் விரயம் செய்த பொழுதைச் சாரதி தம் இரவுத் தூக்கத்தைக் கொண்டு ஈடு செய்கிறார்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. அமலானதும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று. இவை சாலையில் நிற்கும் நேரத்தைக் குறைத்தனவே தவிர, கிடங்கு வாசலில் நிற்கும் நேரத்தை அல்ல.

கூலியின் அமைப்பும் லோடு ஏறியபின் வரும் அவசரத்துக்கே துணை நிற்கிறது. பல வண்டிகளில் வருமானம் மாதக் கணக்காயிராமல், நடைக்கு இவ்வளவு படி என்று வருகிறது; டீசலை மிச்சம் பிடித்தால் அதிலும் ஒரு லாபம். இதன் அபாயத்தைத் தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர்க் கணவாயில் காணலாம். பாரவண்டியைத் தாழ்ந்த கியரில் இறக்கினால் எஞ்சினே வேகத்தை அடக்கிப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் சிறிது டீசல் மிஞ்சும் என்று சிலர் நம்புகிறார்கள்; ஆனால் பாரம் முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்க நேர்ந்து, டிரம் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். அங்கே நேரும் விபத்தைச் சாரதியின் அலட்சியம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். தூக்கமற்ற கண்களும் மிச்சம் பிடிக்கும் நிர்ப்பந்தமும் அந்தச் சரிவுக்கு வெகு முன்பே வண்டியில் ஏறிவிட்டன என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மிகாமல் உழைத்தபின் அரைமணி ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. ஆனால் நள்ளிரவு நெடுஞ்சாலையில் அந்த மணிகளை எண்ணிப் பார்ப்பவர் அரிது. கிளீனராக ஏறி, டயர் கழற்றி, மெல்ல மெல்லத் ஸ்டீயரிங்குக்கு வந்து சேர்ந்த பழைய கல்விமுறையும் அருகிவருகிறது. தம் மகன் இத்தொழிலுக்கு வரவேண்டாம் என்று சாரதிகளே சொல்லும்போது அதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளின் காபினில் குளிர்சாதனம் இருக்க வேண்டுமென்ற விதி வரவேற்கத் தக்கதே. எனினும் அது இருக்கையைக் குளிர்விக்குமேயன்றிப் பொழுதை மீட்டுத் தராது. காத்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் கூலி நிர்ணயமாகி, அது வண்டி முதலாளியோடு நின்றுவிடாமல் சாரதியின் கைக்கும் வந்து சேருமானால், கிடங்குக்காரருக்கும் அவசரம் பிறக்கும். இனாமாகக் கிடைக்கும் பிறர் பொழுதைச் சிக்கனம் செய்ய உலகில் எவரும் முன்வருவதில்லை.