சாப்பாட்டுக்கே காசில்லாதப்போ பூ எதுக்கு? - கல்லை நொறுக்கி ஓவியம் தீட்டும் மகோட்டோ ஃபுஜிமுரா!

ஒரு காட்சியை மனசுல ஓட்டிப் பாருங்க. புதுசா கல்யாணமான ஜோடி. கணவன் பள்ளி ஆசிரியர், மீதி நேரத்தில் ஓவியர். மனைவி மேற்படிப்பு படிக்கிறார். ஃபிரிட்ஜ் காலி. வீட்டு வாடகைக்கு என்ன பண்றது, வாரக்கடைசி சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். கதவு திறக்கிறது. மனைவி உள்ளே வருகிறார், கையில் ஒரு பூங்கொத்தோடு!

நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? அவரும் அதையேதான் சொன்னார். "சாப்பாட்டுக்கே வழியில்ல, இப்போ பூ தேவையா?" என்று கோபப்பட்டார். வயிற்றுக்கு மட்டுமில்ல, ஆன்மாவுக்கும் சாப்பாடு வேணும் என்ற அர்த்தத்தில் மனைவி பதில் சொன்னார். அந்தப் பதிலை 30 வருஷங்களுக்கு மேலாக மறக்கவே முடியவில்லை என்று அந்தக் கணவர் பின்னாளில் தன் புத்தகத்தில் எழுதினார்.

அவர்தான் மகோட்டோ ஃபுஜிமுரா. இன்று கிறிஸ்தவ ஆன்மிகத்தை ஓவியத்தில் தேடும் கலைஞர்களில் உலகம் அறிந்த பெயர். கஷ்டகாலத்தில் அழகு என்பது ஆடம்பரமா, அவசியமா? அவருடைய வாழ்க்கை முழுக்க இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

கல்தான் கலர்!

1960-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர் ஃபுஜிமுரா. சிறுவயதில் சில வருஷங்கள் ஜப்பானில் வளர்ந்தார். 1983-ல் பென்சில்வேனியாவின் பக்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தார். பிறகு ஜப்பான் அரசின் உதவித்தொகையில் டோக்கியோ போய், 'நிஹோங்கா' என்ற பாரம்பரிய ஓவிய முறையைக் கற்றார்.

நிஹோங்காவில் டியூப்பைப் பிதுக்கினால் வரும் பெயின்ட் கிடையாது. நீலம் வேணுமா? அசுரைட் என்ற கல்லை இடிக்கணும். பச்சைக்கு மாலகைட் கல், சிவப்புக்கு சாதிலிங்கம், வெள்ளைக்கு சிப்பி ஓடு. இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கு. ஒரே அசுரைட் கல்லைக் கொரகொரப்பாக இடித்தால் அடர்நீலம் வரும். மாவாக அரைத்தால் வெளிர்நீலம் வரும்.

இந்தப் பொடியைக் காகிதத்தில் ஒட்டவைப்பது விலங்குகளின் தோலைக் காய்ச்சி எடுக்கும் 'நிகாவா' என்ற பசை. நம்ம ஊர் தச்சர்கள் ஒரு காலத்தில் பயன்படுத்திய வஜ்ஜிரம் மாதிரி. கூடவே தங்க ரேக்கு, வெள்ளி ரேக்கு. ஒரு பூச்சு காய்ந்தபிறகு அடுத்த பூச்சு என, சில ஓவியங்களில் 60 அடுக்குகளுக்கும் மேல் போகும். அவசரப்பட்டால் வேலைக்கு ஆகாது.

நொறுங்கிய கல் துகள் ஒவ்வொன்றும் குட்டி கண்ணாடிச் சில்லு போல வெளிச்சத்தைச் சிதறடிக்கும். அதனால்தான் முதல் பார்வையில் வெறும் நீலமாகத் தெரியும் ஓவியம், அப்படியே கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் மெதுவாக உள்ளிருந்து மினுங்க ஆரம்பிக்கும். இந்த வகையை அவர் 'நிதானக் கலை' என்கிறார். கல் நொறுங்காமல் அந்த மினுமினுப்பு வராது என்பதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. கதை திரும்பத் திரும்ப இங்கேதான் வரப்போகுது.

கையில் தங்கம், மனசு காலி

டோக்கியோவில் தங்கம், அரிய கற்கள் என விலையுயர்ந்த பொருள்கள் அவர் கையில் புழங்கின. ஆனா, அவருக்குள்ளே வெறுமை கூடிக்கொண்டே போனது. கையால் உருவாக்குகிற அழகை வைத்துக்கொள்ள மனசுக்குள் இடமில்லை என்று உணர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஜப்பானில் படித்த அந்த வருஷங்களில்தான் அவர் கிறிஸ்தவ விசுவாசத்துக்குள் வந்தார். அதில் திருப்புமுனையாக இருந்தது, ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் எழுதிய 'ஜெருசலேம்' கவிதை. ஓவியம் வழியாகப் போனவருக்கு நம்பிக்கையும் ஒரு கலைஞன் வழியாகவே வந்தது.

இதுல இயேசு எங்கே?

கிறிஸ்தவ ஓவியம் என்றதும் நம் கண்முன் வருவது என்ன? சிலுவை, முள்முடி, ஆட்டுக்குட்டியைத் தூக்கிய மேய்ப்பர். ஃபுஜிமுராவின் பெரும்பாலான ஓவியங்களில் இது எதுவும் இருக்காது. நீலம், பொன்னிறம், வழிந்தோடும் நிறத் தடங்கள்... அவ்வளவுதான்.

2011-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் 400-வது ஆண்டையொட்டி, நான்கு நற்செய்திகளையும் ஓவியங்களால் அலங்கரிக்கும் பணி அவரிடம் வந்தது. ஐந்து பெரிய ஓவியங்கள். நான்கு நற்செய்திகளின் 89 அதிகாரங்களுக்கும் ஒவ்வொன்றாக வரைந்த தொடக்க எழுத்துகள். அந்த ஐந்தில் முதல் ஓவியத்தின் பெயரிலேயே கிறிஸ்துவின் கண்ணீர் இருக்கிறது.

ஏன் கண்ணீர்? அவர் அடிக்கடி திரும்பிப் போகும் இடம், யோவான் நற்செய்தியின் 11, 12-ம் அதிகாரங்கள். லாசரு இறந்துவிடுகிறார். தான் அவரை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். இருந்தாலும் அழுகிறார். லாஜிக்படி பார்த்தால் அந்தக் கண்ணீருக்கு 'யூஸ்' இல்லை.

அடுத்த அதிகாரத்தில் லாசருவின் சகோதரி மரியாள், விலையுயர்ந்த பரிமளத் தைலத்தை இயேசுவின் பாதங்களில் ஊற்றிவிடுகிறார். அதன் விலை 300 தெனாரியம், கிட்டத்தட்ட ஒரு கூலியாளின் ஒரு வருஷச் சம்பளம். "இதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே" என்று யூதாஸ் கேட்கிறான். இயேசுவோ அந்தப் பெண்ணின் பக்கம் நிற்கிறார்.

"சாப்பாட்டுக்கே வழியில்ல, பூ தேவையா?" என்ற அதே கேள்விதான், கவனிச்சீங்களா?

மூணு தெரு தள்ளி

அந்தக் கேள்வி அவரை மறுபடியும் உலுக்கிய நாள், 2001 செப்டம்பர் 11. நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்களிலிருந்து மூன்று தெரு தள்ளித்தான் அவர் குடும்பத்தோடு குடியிருந்தார். பிள்ளைகள் படித்த பள்ளிகளும் பக்கத்திலேயே. கோபுரம் விழுந்த நேரத்தில் அவர் சுரங்க ரயிலில் மாட்டிக்கொண்டிருந்தார். குடும்பம் தப்பித்தது. ஆனால், அவர்கள் வாழ்ந்த இடம் சாம்பலும் புகையுமாக மாறியது.

இப்படியொரு இடத்தில் தங்க ரேக்கு ஒட்டிக்கொண்டு இருப்பது கொஞ்சம் ஓவர் இல்லையா? யாருக்கும் தோன்றும் கேள்விதான். அவரோ, அக்கம்பக்கத்துக் கலைஞர்கள் கூடி, துக்கத்தைக் கலையாகப் பகிர்ந்துகொள்ள ஒரு தற்காலிக இடத்தை உருவாக்கினார். பிறகு 'வாட்டர் ஃபிளேம்ஸ்' என்ற ஓவிய வரிசையில் நெருப்பையே வரைந்தார். அழிக்கும் நெருப்பு, புடம்போடும் நெருப்பு இரண்டும் ஒரே ஓவியத்தில். நடந்ததை மறைக்காமல், அதற்குள்ளேயே நின்று அழகைத் தேடும் முயற்சி அது.

மிதிபட்ட முகம்

ஜப்பானில் கிறிஸ்தவத்தின் கதையும் வலி நிறைந்தது. நம்ம முத்துக்குளித்துறைக் கடற்கரை மக்களிடையே பணியாற்றிய அதே பிரான்சிஸ் சவேரியார்தான் 1549-ல் ஜப்பானில் கால்வைத்தார். ஆனால், 1614-ல் கிறிஸ்தவம் அங்கே தடை செய்யப்பட்டது. யார் கிறிஸ்தவர் என்று கண்டுபிடிக்க அதிகாரிகள் கையாண்ட வழி, 'ஃபுமி-எ'. இயேசு அல்லது மரியாளின் உருவம் பதித்த பலகையைத் தரையில் வைத்து, மிதிக்கச் சொல்வார்கள். மிதித்தால் உயிர் மிஞ்சும். மறுத்தால் சித்திரவதை, மரணம்.

டோக்கியோவில் மாணவராக இருந்தபோது ஃபுஜிமுரா அந்தப் பலகைகளை மியூசியத்தில் பார்த்தார். எத்தனையோ கால்கள் பட்டுப் பட்டு, அந்த முகங்கள் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தன. பயத்தோடும் குற்றவுணர்வோடும் மிதித்தவர்களின் கதையைத்தான் ஷூசாகு எண்டோ 1966-ல் 'சைலன்ஸ்' நாவலாக எழுதினார். மார்ட்டின் ஸ்கார்செஸி அதை 2016-ல் படமாக்கியபோது, ஃபுஜிமுரா அதற்கு ஆலோசகராக இருந்தார். அதே வருஷம் இதைப் பற்றி 'சைலன்ஸ் அண்ட் பியூட்டி' என்ற புத்தகமும் எழுதினார்.

ஜெயித்தவர்களின் நம்பிக்கையை மட்டுமல்ல, தோற்று, மிதித்து, உள்ளுக்குள் அழுதவர்களின் நம்பிக்கையையும் அவர் எடுத்துக்கொள்கிறார். முகம் தெளிவாகத் தெரியாத அவருடைய ஓவியங்களைப் பார்க்கும்போது, அந்தத் தேய்ந்த முகங்கள் நினைவுக்கு வராமல் இருக்காது.

உடைஞ்சா என்ன?

கின்ட்சுகி பற்றி ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. உடைந்த கோப்பையை 'உருஷி' என்ற மரப்பிசினால் ஒட்டி, விரிசல் மேல் தங்கப்பொடி தூவும் ஜப்பானியக் கலை. 2021-ல் வந்த 'ஆர்ட் அண்ட் ஃபெய்த்' புத்தகத்தில் ஃபுஜிமுரா இதைத் தன் விசுவாசத்தோடு சேர்த்துப் பேசுகிறார். உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில் ஆணித் தழும்புகள் அப்படியேதான் இருந்தன. காயம் இல்லாத மாதிரி நடிப்பதல்ல, காயத்தோடு புதிதாவதுதான் உயிர்ப்பு என்பது அவர் பார்வை.

நீங்க கிறிஸ்தவரா இல்லையா என்பது இங்கே விஷயமில்லை. வேலை போன மாசத்துலயும், பரீட்சையில கோட்டை விட்ட வாரத்துலயும், "இப்போ பாட்டு கேக்கறது, படம் வரையறதெல்லாம் தேவையா?" என்று நமக்கு நாமே கேட்டிருப்போம். பசி நிஜம். வாடகையும் நிஜம். பூங்கொத்து அந்த இரண்டையும் தீர்க்கவில்லை. ஆனா, கஷ்டம் எல்லாம் முடியட்டும், அப்புறம் அழகைப் பார்த்துக்கலாம்னு காத்திருந்தா, அந்த 'அப்புறம்' வராமலேயே போகலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இதைப் படிச்சதும் அவர் ஓவியங்களை போன்ல தேடுவீங்க. தேடுங்க. ஆனா, அந்தக் கல் துகள்களின் மினுமினுப்பு எந்த ஸ்கிரீனிலும் வராது. ஓவியத்தில் அவர் ஒட்டிய வெள்ளிகூட, கொலுசு கறுப்பதுபோல வருஷத்துக்கு வருஷம் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால ஒரு வேலை பண்ணுங்க. அடுத்த முறை ஒரு மியூசியத்துக்கோ, பழைய தேவாலயத்துக்கோ, கோயிலுக்கோ போனா, ஒரே ஒரு ஓவியத்துக்கு முன்னாடி 10 நிமிஷம் நில்லுங்க. போன் பாக்கெட்டுக்குள்ளேயே இருக்கட்டும்!