பால்ய மனைவியும் கர்ப்பத்தடையும்

கர்ப்பத்தடையைச் சர்க்கார் திட்டமாக உலகத்தில் முதன்முதலில் ஏற்றது நமது தேசமே. அது நடந்தது 1952-ல். ஆயினும் அத்திட்டம் இன்னும் சரிவர எட்டாத ஓர் இடம் உண்டு. பதினாறு, பதினேழு வயதில் மாலையிட்டுப் புக்ககம் போன பெண்ணின் வீடே அது.

அத்தகையவர்கள் சொற்பம் என்று எண்ணவேண்டாம். 2019-21-ல் எடுத்த தேசீய குடும்பநலக் கணக்கின்படி, 20 முதல் 24 வயதுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு 23 பேர் 18 வயது நிரம்புமுன் விவாகமானவர்கள். சாரதா சட்டம் அமுலுக்கு வந்தது 1930-ல் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்வார்களாக!

சாதனங்களுக்குக் குறைவில்லை. உறை, மாத்திரை, காப்பர்-டி, மூன்று மாதத்துக்கொரு ஊசி யாவும் சர்க்கார் திட்டத்தில் இலவசம். ஆனால் அதே கணக்கில், நவீன முறைகளைக் கையாளும் மணமான ஸ்திரீகள் நூற்றுக்கு 56 பேர். அவர்களில் 38 பேர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். பிள்ளைப்பேற்றை நிறுத்தவே நம் திட்டம் பழகியிருக்கிறது. பால்ய மனைவிக்கு வேண்டியதோ தள்ளிப்போடும் வழி. கல்யாணமான மறுமாதமே "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்கும் மாமியாரிடம் அவள் அதைச் சொல்ல முடியுமா? தலைப்பிள்ளைக்கு முன் மாத்திரை தின்றால் மலடாவாள் என்ற பயம் வேறு. இது வெறும் பிரமை. மாத்திரையை நிறுத்தினால் கருத்தரிக்கும் சக்தி திரும்பிவிடும். ஊசியானால் சில மாதம் தாமதமாகலாம், அவ்வளவே.

இவற்றையெல்லாம் தாண்டி அவள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தால், அங்கே சட்டம் நிற்கிறது. 2006-ம் வருஷத்துக் குழந்தைமணத் தடைச் சட்டப்படி அவள் விவாகம் பொதுவாகத் தானே செல்லாததாகிவிடுவதில்லை. அவளோ, இளம் வயதில் மணந்த கணவனோ கேட்டால்தான் கோர்ட்டார் ரத்துச் செய்வர். 2012-ம் வருஷத்துப் போக்ஸோ சட்டமோ 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதத்தைச் சம்மதமாகவே கொள்ளாது. மனைவிக்கும் இதுவே விதியென்று சுப்ரீம் கோர்ட் 2017-ல் தீர்ப்பளித்தது. ஆக, விவாகம் நிற்கிறது, இல்லறம் குற்றமாகிறது! விஷயம் தெரிந்தவர் எவரும் போலீஸுக்கு அறிவிக்கவேண்டுமென்பது அச்சட்டத்தின் 19-ம் பிரிவு. தவறினால் ஆறு மாதம் வரை சிறைவாசம். மாத்திரை கேட்டு வந்தவளின் கணவன்மீது வழக்கு வரும் என்று தெரிந்தபின் எந்தப் பெண் வருவாள்? வயிறு தெரிந்த பிறகுதான் வருகிறாள். வந்தாலும் வயதைக் கூட்டிச் சொல்கிறாள்.

குழந்தைகளைக் காக்க வந்த சட்டத்தை நாம் தூஷிக்கவில்லை. பலாத்காரம் நிகழ்ந்த இடத்தில் வைத்தியர் வாய்மூடியிருக்கவேண்டும் என்பதும் நம் கட்சியன்று. ஆனால் 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டாரே ஒரு வழி காட்டினார்கள். கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் அவள் கார்டியனும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குத் தரும் அறிக்கையில் அவள் பெயரையும் அடையாளத்தையும் வைத்தியர் வெளியிடவேண்டியதில்லை என்றார்கள். கருவைக் கலைக்க வருபவளுக்குக் கிடைத்த இந்தக் கேடயம், கருவே வேண்டாமென்று முன்கூட்டி வருபவளுக்கு ஏன் கூடாது? 19-ம் பிரிவில் ஒரு விலக்கு வாசகம் சேர்த்தால் போதும். லோக்சபையில் தமிழ்நாட்டு அங்கத்தினர் 39 பேர் இருக்கின்றனர். அவர்களில் ஒருவர் திருத்த மசோதாவொன்றைக் கொண்டுவரட்டும். அவர் எக்கட்சியினராயினும் நாம் ஆதரிப்போம்.