மன்னாரைச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு: பெயர்ப்பலகை இல்லாத இடங்களும் அதே வழியில்தான்

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களின் பிள்ளைகளையும் மன்னாருக்கு அழைத்துச் செல்வது கடந்த சில வருடங்களாக எனக்கு வழக்கமாகிவிட்டது. வருபவர்களில் பெரும்பாலானவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "யாழ்ப்பாணத்தில இருந்து விடிய வெளிக்கிட்டால் பின்னேரம் திரும்பலாமா?" திரும்பலாம். கோட்டை, பள்ளிமுனைப் பெருக்கமரம், தலைமன்னார், திருக்கேதீஸ்வரம் என நான்கு இடத்திலும் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு சேரலாம். ஆனால் அந்த நான்கு இடங்களுக்கும் நடுவில், அதே வீதியோரத்தில், எந்தப் பெயர்ப்பலகையும் இல்லாமல் கிடக்கும் இடங்களைக் காணாமலே போய்விடுவீர்கள். நான் சொல்வது குறைந்தது இரண்டு இரவுகள். முடிந்தால் மூன்று.

முதலில் வந்து சேரும் வழி. யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்களுக்குச் சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி ஊடாக ஏ-32 வீதிதான் நேர்வழி. 2011 ஜனவரியில் அந்தப் பாலம் திறக்கப்பட்ட பின்னர்தான் இது நெருங்கிய ஊரானது. வவுனியாவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர். இ.போ.ச. பஸ்களும் தனியார் பஸ்களும் ஓடுகின்றன. ரயிலில் வர விரும்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தலைமன்னார்ப் பாதை மதவாச்சியில்தான் பிரிகிறது. யாழ்ப்பாணத்தில் ஏறி மன்னாரில் இறங்க முடியாது; மதவாச்சியில் மாற வேண்டும். கொழும்பிலிருந்து வருபவர்களுக்குத்தான் அது வசதி. நேரங்கள் அடிக்கடி மாறுவதால் புறப்படுவதற்கு முதல்நாள் ரயில் நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த ரயில் பாதைக்கே ஒரு வரலாறு உண்டு. 1914ஆம் ஆண்டு தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபோது, கொழும்பில் ஏறியவர் ரயிலும் கப்பலும் மாறிச் சென்னையில் இறங்கலாம் என்ற நிலை வந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களின் நடுப்பகுதியில் யுத்தத்தோடு நின்றது. 1990இல் ரயிலும் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் காணாமல் போயின. பாதையைப் பற்றைகள் மூடின. இந்திய நிறுவனமான இர்கொன் மீண்டும் பாதை போட்ட பின்னர், 2015 மார்ச் 14 அன்று தலைமன்னாரில் இந்தியப் பிரதமர் மோடி கொடியசைக்க ரயில் ஓடியது. இருபத்தைந்து வருட இடைவெளி. அந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்த மன்னார்ப் பிள்ளைகள் தங்கள் ஊரில் ரயிலைக் கண்டதே இல்லை.

தள்ளாடி தாண்டியதும் தாம்போதி தொடங்கும். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடலும் உவர்ச்சேறும். மழைக்காலத்துக்குப் பின் வருபவர்கள் கொஞ்சம் வண்டியை ஓரமாக்கி நிறுத்துங்கள். பூநாரைகளை இங்கேயே காணலாம். வங்காலைப் பறவைகள் சரணாலயம் என்று 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட பகுதி இதுதான். அதற்கெனத் தனியாகச் சுற்றுலா போகத் தேவையில்லை. பழைய பாலம் 1990இல் தகர்க்கப்பட்டது. இன்று நீங்கள் கடக்கும் பாலம் ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்டு 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. யுத்த காலத்தில் இந்த வாசலில் இறங்கி, பொதிகளைப் பிரித்துக் காட்டி, வரிசையில் நின்றவர்களுக்கு இப்போது ஒரே மூச்சில் கடந்து போவது இன்னமும் பழகவில்லை. என்னோடு வந்த ஒரு மாமி பாலம் முடியும்வரை கைப்பையைத் திறந்தபடியே மடியில் வைத்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நகருக்குள் நடந்தே திரியலாம். பஸ் நிலையம், சந்தை, கோட்டை எல்லாம் கிட்டக்கிட்டத்தான். கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560இல் கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, 1696இல் திருத்திக் கட்டினார்கள். 1795இல் ஆங்கிலேயரிடம் போனது. நான்கு கொத்தளங்கள், உள்ளே இடிந்த தேவாலயம். எல்லோரும் இதைப் பிடிக்கப் போட்டி போட்டதற்குக் காரணம் மன்னார்க் குடாவின் முத்தும், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே சிறு படகுகள் போகும் கால்வாயும்தான். கோட்டைச் சுவரில் பின்னேரம் நின்று பார்த்தால் அந்தக் கால்வாய் தெரியும். பகல் பன்னிரண்டு மணிக்கு ஏறாதீர்கள். இலங்கையின் மிக வறண்ட பகுதிகளில் ஒன்று இது, நிழல் இல்லை. காலை ஆறிலிருந்து பத்துவரை, பிறகு பின்னேரம் நாலுக்குப் பின் என்று நாளைப் பிரித்துக்கொண்டால் உடம்பு தாங்கும். குடிக்கத் தண்ணீரைக் கையோடு கொண்டு திரிய வேண்டும்; பல இடங்களில் கிணற்று நீர் உவர்.

நகரத்தில் எந்தச் சுற்றுலாக் கையேடும் சொல்லாத இடம் ஒன்று இருக்கிறது. 2018இல் சதோச கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. அகழ்வு நீண்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. சிறுவர்களுடையவையும் அவற்றில் இருந்தன. 2019 மார்ச்சில் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடம், அனுப்பப்பட்ட ஆறு மாதிரிகளும் 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தவை எனக் கூறியது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் அதை ஏற்கவில்லை. முந்நூறுக்கு மேற்பட்ட உடல்களுக்கு ஆறு மாதிரிகள் போதுமா, ஒரே குழியில் வெவ்வேறு காலத்து உடல்கள் இருக்க முடியாதா என்பது அவர்களின் கேள்வி. அந்தக் கேள்வி நியாயமானது என்பதே என் எண்ணம். நீங்கள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நகர மையத்திலிருந்து அந்த இடம் நடந்து போகும் தூரம்.

மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு எண்ணிக்கையை வைத்தார்: 146,679. அரச கச்சேரிகளின் சனத்தொகைப் பதிவுகளையும், யுத்தத்தின் முடிவில் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்களின் தொகையையும் ஒப்பிட்டு, கணக்கில் வராதவர்கள் இவ்வளவு பேர் என்றார். 2021 ஏப்ரல் 1 அன்று அவர் காலமானார். எண்ணிக்கை பதில் இல்லாமல் இன்னும் நிற்கிறது.

பள்ளிமுனைப் பெருக்கமரத்துக்கு நகரத்திலிருந்து ஓட்டோவில் போகலாம், சைக்கிளிலும் போகலாம். அரபு வணிகர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் மரம். அடிமரத்தைச் சுற்றிவர இருபது மீற்றர் அளவு. உயரம் பெரிதாக இல்லை. பத்து நிமிடம் போதும்.

தீவின் மறுமுனையான தலைமன்னார் பியர் நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பஸ் இருக்கிறது, ஆனால் இடையில் இறங்கினால் அடுத்த பஸ்ஸுக்குக் காவல் நிற்க வேண்டிவரும். ஓட்டோவை நாளுக்குப் பேசிக்கொள்வது நல்லது. ஏறுமுன் தொகையையும் நிற்கும் இடங்களையும் சொல்லி முடித்துவிடுங்கள். மோட்டார் சைக்கிளில் போனால் இருட்டிய பின் வேகத்தைக் குறைக்க வேண்டும். மன்னாரின் கழுதைகள் வீதியில்தான் படுக்கும். சைக்கிள்காரர்களுக்கு ஒரு குறிப்பு: தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீண்டு கிடக்கிறது. ஆகவே சோளகமும் சரி வாடையும் சரி, முகத்திலும் முதுகிலும் அடிக்காமல் பக்கவாட்டில் தள்ளும். சோளகக் காலத்தில் மணலும் சேர்ந்து வரும்.

இந்த வீதியில் தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினி தேவாலயம் இருக்கிறது. 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் படையால் மதம் மாறியதற்காகக் கொல்லப்பட்ட ஏறத்தாழ அறுநூறு பேரின் நினைவாக நிற்பது. யாழ்ப்பாணத்தில் வீரனாகச் சிலை வைக்கப்பட்ட அரச பெயர், இங்கே வேறுவிதமாகச் சொல்லப்படும். இரண்டையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

பிரதான வீதியிலிருந்து கிளைவழியில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற முஸ்லிம் கிராமங்கள். 1990 அக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் மக்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். வீடு, கடை, நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. திரும்பியவர்கள் உண்டு, திரும்ப முடியாதவர்களும் உண்டு. எங்களை யார் துரத்தினார்கள் என்று கேட்டுக்கொண்டு வரும் நாங்கள், இந்தக் கிராமங்களைக் கடக்கும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போவது சரியல்ல. இறங்கி ஒரு தேநீராவது குடிக்கலாம்.

பேசாலையில் மீன்பிடித் துறையும் வெற்றி நாயகி ஆலயமும். பாஸ்கா காலத்தில் உருவங்களைக் கொண்டு நடத்தும் உடக்குப் பாஸ் இந்த ஊரின் மரபு. அந்த நாட்களில் வர முடிந்தால் வாருங்கள். 2006 ஜூன் 17 அன்று, மோதலுக்குப் பயந்து ஆலயத்துக்குள் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடும் குண்டு வீச்சும் நடந்தன. ஒரு பெண் கொல்லப்பட்டார். மக்கள் கடற்படையைக் குற்றஞ்சாட்டினார்கள், கடற்படை மறுத்தது. ஆலயத்துக்குள் போனால் முதலில் சற்று அமர்ந்திருங்கள். கமராவைப் பிறகு எடுக்கலாம்.

தென்கரையில் வரிசையாகச் சுழலும் காற்றாலைகளை எங்கிருந்தும் காணலாம். 2020 டிசம்பரில் தொடங்கிய 'தம்பபவனி' திட்டம்: முப்பது கோபுரங்கள், 103.5 மெகாவாட். படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஊரவரிடம் அதை வியந்து பேசுமுன் கேட்டுப் பாருங்கள். கோபுரங்களுக்காகப் போட்ட வீதிகள் மழைநீர் கடலுக்கு ஓடும் வழியை மறித்துவிட்டன, வெள்ளம் நிற்கிறது, கரையோர மீன் குறைந்துவிட்டது என்று அவர்கள் சொல்வார்கள். புதிய கோபுரங்களுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக 2025இல் மன்னார் மக்கள் வாரக்கணக்கில் வீதியில் இருந்தார்கள். வாழ்வது மணல் திட்டில். குடிப்பது அந்த மணலுக்கடியில் மிதக்கும் நன்னீரை.

தலைமன்னார் பியரில் பழைய இறங்குதுறையின் துருப்பிடித்த தூண்கள் கடலுக்குள் நிற்கின்றன. மலையக மக்களின் முன்னோர் இந்தக் கரையோரத்தில் இறங்கித்தான் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் இறந்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023இல் அந்த இருநூறு வருடத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள். 1964 ஒப்பந்தத்தின் பின் "இந்தியர்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கப்பல் ஏறியதும் இங்கேதான். பிறகு 1983க்குப் பின் அகதிகளாக எங்கள் சனம் இரவில் வள்ளம் ஏறியதும் இந்தக் கரையிலிருந்துதான். 2022 பொருளாதார நெருக்கடியில்கூடச் சிலர் போனார்கள். மறுகரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர். ஆதாம் பாலத்து மணல் திட்டுகளைப் பார்க்கலாம் என்று கரையில் யாரிடமும் வள்ளம் பேசாதீர்கள். அது கடற்படைக் கண்காணிப்பில் உள்ள எல்லைக் கடல். அகப்பட்டால் உங்களைவிட வள்ளக்காரருக்குத்தான் பெரிய நட்டம்.

அடுத்த நாளைப் பெருநிலத்துக்கு ஒதுக்குங்கள். திருக்கேதீஸ்வரம் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது, இந்திய உதவியுடன் கருங்கல்லில் கட்டப்பட்டு 2022 ஜூலையில் குடமுழுக்குக் கண்டது. கோயிலைச் சுற்றியுள்ள மேடுதான் பழைய மாந்தைத் துறைமுகம். 1980களின் தொடக்கத்தில் இங்கே அகழ்வு செய்தவர்கள் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த மட்பாண்டங்களையும் சீனப் பாண்டங்களையும் ஒரே மண்ணில் எடுத்தார்கள். 1984இல் யுத்தம் அந்த வேலையை நிறுத்தியது. கோயிலுக்குத் திரும்பும் வீதியோரத்தில் 2013 டிசம்பரில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது இன்னொரு புதைகுழி வெளிப்பட்டது. எண்பதுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். பழைய மயானம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அப்படியொரு மயானம் இருந்ததாக ஊரில் எவருக்கும் நினைவில்லை. அதே சந்தியில்தான் 2019 சிவராத்திரிக்கு முதல்நாள் கோயில் வளைவு தொடர்பாகச் சைவர்களும் கத்தோலிக்கர்களும் மோதிக்கொண்டார்கள். அந்தப் புண் ஆறவில்லை. வெளியிலிருந்து வருபவர்கள் அதில் பக்கம் எடுத்துப் பேசாமல் இருப்பது உதவி.

மாலையில் வங்காலை. பங்குத் தந்தை மேரி பஸ்ரியன் 1985 ஜனவரியில் பங்குமனையில் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர், உடல் கிடைக்கவேயில்லை. தெற்கே கரையோர வீதியில் போனால் அரிப்பு. கண்டியிலிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ் 1679இல் வந்து சேர்ந்தது இங்கிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத்தான். ஆளுநர் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய டொரிக் மாளிகையின் மிச்சத்தைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. சுவர்கள் உறுதியில்லை, மேலே ஏற வேண்டாம். இன்னும் தெற்கே முள்ளிக்குளம். 2007இல் வெளியேற்றப்பட்ட மக்களில் ஒரு பகுதியினர் நீண்ட போராட்டத்தின் பின் 2017இலிருந்து திரும்பத் தொடங்கினார்கள். கிராமத்தில் கடற்படை இன்னும் இருக்கிறது. அங்கே போக நினைத்தால், தெரிந்த ஒருவரை ஊருக்குள் வைத்துக்கொண்டு பகலில் போங்கள். தெற்கிலிருந்து நகருக்குத் திரும்பும் பஸ்கள் பின்னேரத்தோடு குறைந்துவிடும். ஓட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிடுங்கள்.