பனியில் வந்த வீரபத்திரன்

அப்புத்தளைச் சரிவுகளில் பனி இறங்கிவிட்டால், பத்தடிக்கு அப்பால் நிற்கும் தேயிலைச் செடியும் கண்ணுக்குப் புலப்படாது. அத்தகைய மாசி இரவொன்றில், ஏழு வயதுச் சிறுவனாகத் தாயாரின் கம்பளிக்குள் ஒடுங்கி நின்று, காமன் கூத்தில் வீரபத்திரன் வரக் கண்டேன். முதலில் தப்பொலி. அப்பால் தீப்பந்தம். அதன்பின், பனியைக் கிழித்துக்கொண்டு கரியும் செம்பொடியும் பூசிய முகமொன்று! அன்றிரவே எனக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாட் காலை பீலியடியில் என் தாய்மாமன் காதோரத்துக் கரியைத் தேய்த்துக் கழுவியபோதுதான், வந்தவர் இன்னாரென அறிந்தேன். அறிந்தும் அச்சம் அகலவில்லை; ஆயினும் மறுவருஷம் முன்வரிசையிற் போய் நின்றேன்.

இத்தகைய கோர உருவங்கள் குழந்தைகளின் மனத்தைக் கெடுக்கும் என்பார் உளர். நம் புலவர்கள் அவ்வாறு எண்ணினாரல்லர். முதற் குலோத்துங்கனின் படை கலிங்கத்தை வென்றதைப் பாட வந்தவர் செயங்கொண்டார். ஆனால் கலிங்கத்துப்பரணியைப் படித்தவர் மனத்தில் நிலைத்து நிற்பவை, பசியால் உலர்ந்து, போர்க்களத்திலே கூழ் சமைத்துண்ணும் பேய்களே அன்றோ! அக்கூட்டத்திற் குருட்டுப் பேய் உண்டு. செவிட்டுப் பேய், ஊமைப் பேயும் உண்டு. இந்நாட்டுச் சிங்களக் கலைஞர்கள் நோய் தீர்க்கும் சடங்குக்காகச் செதுக்கும் பதினெட்டுச் சன்னி முகமூடிகளிலும் குருடு, செவிடு, ஊமை மூன்றும் இடம்பெறுவதைக் கண்டு வியந்தேன். மனிதன் அஞ்சும் துன்பத்துக்கு ஒரு முகம் கொடுத்துவிட்டால், அதனோடு பேசலாம். சில வேளை அதைப் பார்த்து நகைக்கவும் செய்யலாம்.

அழவும் செய்யலாம். மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும் கட்டத்தில், லயத்துப் பெண்கள் அனைவரும் விம்மினர். என் தாயார் அழுதது ரதிக்காக மாத்திரமன்று. தைப்பொங்கலுக்கு முன் நாங்கள் புதைத்த என் தங்கைக்காகவும் என்பது, வெகு காலத்தின் பின்னரே எனக்கு விளங்கிற்று. வீட்டில் அவர் அழுது நான் கண்டதில்லை.

அண்மையில் என் மகன் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில், எருமைமேல் வரும் எமனை வரைந்து வைத்தான். பள்ளியிலே கண்டிப்புக் கிடைத்தது. படத்தைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. “மாமாவின் வீரபத்திரனுக்குக் கோரைப் பல் வெளியே நீண்டிருந்ததா, அப்பா?” என்று கேட்டான். நினைவில்லை. நீண்டிருந்தது என்றே சொல்லிவிட்டேன்.